கிழக்குத் தாம்பரமா, மேற்கா?

தாம்பரத்தில் நடக்கும் ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஊரை வளர்த்ததும் அந்தத் தண்டவாளம்தான், இரண்டாகப் பிரித்ததும் அதுதான். மேற்கே ஜி.எஸ்.டி. சாலை, சண்முகம் சாலை, மார்க்கெட். கிழக்கே விமானப்படைத் தளமும், 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து இடம் மாறி வந்த கிறித்தவக் கல்லூரியும். அழைப்பிதழில் ‘தாம்பரம்’ என்று மட்டும் போட்டிருந்தால், மூட்டுவலிக்கு மருத்துவ முகாம் தேடி வரும் ஒரு பெரியவர் தவறான பக்கத்தில் இறங்கி, ரயில்வே நடைமேம்பாலத்தின் அத்தனை படிகளையும் ஏறி இறங்குவார். மூட்டுவலிக்காரரை அப்படி ஏறவிடக் கூடாது என்பதுதான் என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் சனிக்கிழமைதோறும் வீடுகளுக்கு இலவசமாகப் போடப்பட்ட ஒரு வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளில் ‘அடையாறு டைம்ஸ்’, ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ போன்றவை நகருக்குள் இந்த வகைப் பத்திரிகைக்கு வழி போட்டிருந்தன. புறநகரிலும் அதே வழியில் சிலர் தொடங்கினார்கள். எனக்குக் கொடுத்த பக்கம் கடைசிக்கு முந்தையது. ‘இந்த வாரம்’ என்ற தலைப்பில் நிகழ்ச்சிகள், அதன் கீழே ‘சேவைகள்’. முதல் பக்கத்தில் ஏரி ஆக்கிரமிப்பு, சாலைப் பள்ளம், சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீர் என்று பெரிய செய்திகள் வரும். ஆனால் சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை என் பக்கத்தைப் பற்றியவைதான். “ஏம்மா, கண் டாக்டர் வர்றதா போட்டிருக்கே, சர்க்கரை இருக்கிறவங்க வரலாமா?” இப்படித்தான் கேட்பார்கள்.

செய்திகள் பல வழிகளில் வந்தன. போஸ்ட் கார்டு, பிட் நோட்டீஸ், கோயில் பத்திரிகை, நலச்சங்க லெட்டர் பேடில் எழுதிய கடிதம், நேரில் வந்து சொல்லிவிட்டுப் போகும் செயலாளர். வியாழன் மதியத்துக்குள் எல்லாவற்றையும் சேர்த்து, தட்டச்சுக்குக் கொடுத்து, திருத்தி, பக்கம் கட்டி, இரவு அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். இடம் குறைவு. ஒரு நிகழ்ச்சிக்கு நான்கு வரி, மிஞ்சினால் ஐந்து.

இங்கேதான் சண்டை வரும். நம்மூர் அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று பெயர்கள் வரிசையாக இறங்கும். முகாம் எத்தனை மணிக்கு முடியும் என்பது மட்டும் இருக்காது. நான் பெயர்களை எடுத்துவிட்டு நேரத்தைக் கேட்டு வாங்கிப் போடுவேன். முன்னிலை வகிப்பவரின் பெயரை எப்படி எடுக்கலாம் என்று கோபத்தோடு வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: “உங்க முகாமுக்கு நாலு பேர் கூட வரணுமா, வேண்டாமா?” பெரும்பாலோர் சமாதானமாகிவிடுவார்கள். ஆகாதவர்களுக்கு விளம்பரப் பக்கம் இருந்தது.

‘நாளை’, ‘வரும் ஞாயிறு’ என்ற சொற்களை என் பக்கத்தில் அனுமதித்ததே இல்லை. பத்திரிகை சிலருக்கு சனிக்கிழமை விடியலில் கிடைக்கும். மாடி வீட்டுக்காரருக்குக் கீழ்வீட்டிலிருந்து ஞாயிறு மதியம்தான் ஏறி வரும். ஆகவே தேதியும் கிழமையும் சேர்த்தே போட வேண்டும், இரண்டும் பொருந்துகின்றனவா என்று தினசரிக் காலண்டரில் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். தேதி ஒன்று, கிழமை வேறொன்று என்று அச்சாகி வந்த அழைப்பிதழ்கள் கொஞ்சமல்ல. உடனே போன் செய்து கேட்பேன். பல நேரங்களில் அந்த போன்தான் அமைப்பாளருக்கே தவற்றைக் காட்டிக்கொடுக்கும். அவர் அச்சகத்துக்கு ஓடுவார்.

கோயில் நிகழ்ச்சிகளை எழுதுவது ஓரளவு சுலபம். காலம் அவற்றுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்திருக்கிறது. மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் சரபேசுவரருக்கு ஞாயிறு மாலை ராகு காலத்தில் வழிபாடு என்றால் 4.30 முதல் 6 மணி வரை. அது மாறாது. ஆடி மாதம்தான் திணறடிக்கும். தெருவுக்கு ஓர் அம்மன், அம்மனுக்கு ஒரு கூழ் வார்த்தல். எந்தத் தெருவில் எந்த ஞாயிறு என்று ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு வைத்துக்கொள்வேன். பக்திக்காக மட்டும் இல்லை. அன்று அந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸோ தண்ணீர் லாரியோ நுழைய முடியுமா என்பதையும் அந்தக் கட்டம் சொல்லிவிடும்.

நான் அதிகம் கவலைப்பட்டு எழுதியது கண் சிகிச்சை முகாம்களைப் பற்றித்தான். ‘இலவச கண் பரிசோதனை முகாம், அனைவரும் வருக’ என்று ஒரு துண்டுத்தாள் வரும். அதை வைத்துக்கொண்டு நாலு வரி எழுத முடியாது. அமைப்பாளருக்கு போன் செய்து கேள்விகளைத் தொடங்குவேன். பரிசோதனை மட்டுமா, புரை இருந்தால் அறுவை சிகிச்சையும் உண்டா? உண்டென்றால் அன்றைக்கே வண்டியில் அழைத்துப் போவார்களா, வேறு தேதி கொடுப்பார்களா? உள்ளே வைக்கும் லென்ஸுக்குப் பணம் உண்டா? தங்குமிடம், சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவது யார் பொறுப்பு? கூட ஒருவர் வர வேண்டுமா? ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை எங்கே?

இதையெல்லாம் கேட்கக் காரணம் உண்டு. கண் புரை வந்தவர்களில் பலர் வீட்டில் பகலெல்லாம் தனியாக இருப்பவர்கள். மகனும் மருமகளும் காலை ரயிலில் போய்விடுவார்கள். அன்றைக்கே வண்டி ஏற்றுகிறார்கள் என்பது தெரியாமல் அந்த அம்மாள் முகாமுக்குப் போனால், மாற்றுப் புடவை இருக்காது, சர்க்கரை மாத்திரை இருக்காது, வீட்டுச் சாவி இடுப்பில் இருக்கும். யாரிடமும் சொல்லாமல் எப்படிப் போவது என்று திரும்பிவிடுவார். அடுத்த முகாம் எப்போதோ. அதனால் என் நான்கு வரியில் இப்படி இருக்கும்: ஆதார் நகல் கொண்டு வரவும், தினமும் சாப்பிடும் மாத்திரைகளைச் சீட்டோடு கொண்டு வரவும், தலைக்குக் குளித்து வரவும், மாற்று உடை எடுத்து வரவும், வீட்டில் சொல்லிவிட்டு வரவும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாவிட்டால் அன்று அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்கள், மருந்து சாப்பிட்டு வரச் சொல்வார்கள் என்பதையும் சேர்ப்பேன். அதைத் தெரியாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தங்களை ஒதுக்கிவிட்டதாக நினைத்து மனம் நொந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

என் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயங்கிய அமைப்புகளும் இருந்தன. ஒரு முகாமில் பரிசோதனை இலவசம், ஆனால் பரிசோதித்தவர்கள் எல்லோருக்கும் கண்ணாடி எழுதிக் கொடுத்து, பக்கத்து மேசையில் பணம் வாங்கிக்கொண்டு விற்றார்கள். அடுத்த முறை அவர்கள் அனுப்பியதை நான் நிகழ்ச்சிகளில் சேர்க்கவில்லை. விளம்பரம் கொடுப்பவர்களாயிற்றே என்று விளம்பரப் பிரிவில் முணுமுணுத்தார்கள். ஆசிரியர் என் பக்கம் நின்றார். வாசகர் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து, அரை நாள் கூலியை விட்டுவிட்டு, நம் பத்திரிகையை நம்பி ஓர் இடத்துக்குப் போகிறார். அவருக்கு அங்கே என்ன நடக்கும் என்று தெரியாமல் நாம் அனுப்பக் கூடாது. இதில் எனக்கு இன்றும் இரண்டாவது கருத்து கிடையாது.

மின்தடை அறிவிப்பு வேறு வகை வேலை. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை மின் நிறுத்தம் என்று வாரியத்திலிருந்து வரும். துணைமின் நிலையத்தின் பெயரும் அதன்கீழ் பகுதிகளும் நகர்களும் ஒரே மூச்சில் காற்புள்ளி போட்டு நீளும். வாரியத்துக்கு அந்த வரிசை சரி, கம்பி அப்படித்தான் போகிறது. வாசகருக்குத் தன் தெரு வேண்டும். சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம் என்று ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் தெருக்களை அகர வரிசையில் போடுவேன். நேரம் பிடிக்கும் வேலை. வீட்டில் ஆக்ஸிஜன் கருவி வைத்திருக்கும் நோயாளிக்கு, இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பவருக்கு, மாவு மில் நடத்தும் பெண்ணுக்கு, கீழ்த்தொட்டித் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டிய அடுக்ககக் காவலாளிக்கு அந்த ஒரு தெருப் பெயர் கண்ணில் பட வேண்டும்.

‘சேவைகள்’ பகுதியை வாசகர்கள் கத்தரித்து காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் லாரி, கழிவுநீர் லாரி, இரவு திறந்திருக்கும் மருந்துக்கடை, ரத்த வங்கி, பாம்பு பிடிப்பவர், ஃப்ரீசர் பாக்ஸ், மின்மயானம். இவற்றில் கடைசி இரண்டும் தேவைப்படும் நேரத்தில் யாருக்கும் யோசிக்கும் நிதானம் இருக்காது. நள்ளிரவில் அந்த எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று கேட்க வைப்பது பெரிய கொடுமை. ஆகவே பட்டியலை மறுபடி அச்சிடும் முன் ஒவ்வோர் எண்ணையும் நானே அழைத்துப் பேசுவேன். பகலில் எடுக்கிறார்களா என்பதோடு நிற்காமல் இரவு பதினொன்றுக்கும் ஒரு முறை அழைப்பேன். தூக்கக் குரலில் எடுத்து, “எந்த ஏரியா மேடம், சொல்லுங்க, வண்டி எடுக்கிறேன்” என்று சொன்னவர்களின் பெயர்தான் பட்டியலின் மேலே வரும். பிற்பாடு 108 வந்தது, அரசு மருத்துவமனையிலிருந்து உடலை வீட்டுக்கு இலவசமாகக் கொண்டுவரும் அமரர் ஊர்தி 155377 வந்தது. தெரியாமல் தனியார் வண்டிக்குக் கடன் வாங்கியவர்களைப் பார்த்தபின், 155377-ஐத் தடித்த எழுத்தில் போடச் சொன்னேன்.

2015 டிசம்பரில் அந்தப் பக்கத்தின் வேலையே மாறிப்போனது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று எல்லோரும் பேசினார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது கீழே, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூருக்குள் வந்தது மேலே ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். இந்த வித்தியாசம் தெரியாவிட்டால், செம்பரம்பாக்கத்தை மூடியாகிவிட்டது என்ற செய்தியைக் கேட்டு முடிச்சூர்க்காரர்கள் நிம்மதியாக வீடு திரும்பிவிடுவார்கள். அதை இரண்டு பத்தியில் படம் போட்டு விளக்கினோம்.

அந்த வாரம் விளம்பரம் கிடையாது, அச்சகத்தில் முழு மின்சாரம் கிடையாது. இரண்டு பக்கமும் அச்சிட்ட ஒற்றைத் தாளாகப் பத்திரிகையைக் கொண்டு வந்தோம். வீடு வீடாகப் போட முடியாத தெருக்களில் ரேஷன் கடை, பால் பூத், கோயில், பள்ளிவாசல், தேவாலயச் சுவர்களில் ஒட்டினோம். எங்கே சமைத்த உணவு, எந்தப் பள்ளியில் மருத்துவ முகாம், காய்ச்சிய தண்ணீர் எங்கே, எந்தத் தெருவரை பேருந்து வருகிறது. இதைத் தவிர வேறு எழுதவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு வந்தது பெரிய வேலை. குடும்ப அட்டை, மதிப்பெண் சான்றிதழ், பட்டா, கேஸ் புத்தகம் எல்லாம் சேற்றில் போயிருந்தன. இழந்த ஆவணங்களுக்குக் கட்டணமில்லாமல் நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. முகாமில் முதலில் கேட்கப்பட்டது ஆவணத்தின் எண். எண் எழுதி வைத்த நோட்டும் அதே வெள்ளத்தில்தானே போயிருக்கும்? மக்கள் வரிசையில் நின்று, எண் இல்லாமல் திரும்பி வந்தார்கள். எந்த எண் யாரிடம் இருக்கும் என்று விசாரிக்கத் தொடங்கினேன். மதிப்பெண் சான்றிதழ் விவரம் படித்த பள்ளியின் பதிவேட்டில் இருக்கும். கேஸ் நுகர்வோர் எண் ஏஜென்சியில் கைபேசி எண்ணைச் சொன்னால் கிடைக்கும். மின் இணைப்பு எண் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் வீட்டு முகவரியைக் கொண்டு எடுத்துத் தருவார்கள். ரேஷன் அட்டை எண் கடைப் பதிவேட்டிலேயே உண்டு. இதை வரிசைப்படுத்தி, எதை முதலில் வாங்கினால் மற்றவற்றுக்கு ஆதாரமாகும் என்று எழுதி வெளியிட்டோம். முகாமில் வரிசையில் நின்றவர்கள் கையில் அந்தத் தாள் மடித்த மடிப்போடு இருந்ததைப் பார்த்தேன். என் தொழிலில் எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு கிடந்தன. சிட்லப்பாக்கம் ஏரியைச் சுத்தம் செய்ய ஊர்க்காரர்கள் தாங்களே இறங்கினார்கள். ஞாயிறு காலை வாருங்கள் என்ற அழைப்பை மகிழ்ச்சியோடு போட்டேன். கையுறை, தொப்பி, குடிதண்ணீர், தடித்த அடிச் செருப்பு கொண்டு வரவும் என்பதோடு, குழந்தைகளுக்குக் கரையில்தான் வேலை என்பதையும் கேட்டுச் சேர்த்தேன். கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கிற இடம் அது.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு சேர்ந்தன. மொத்தம் 70 வார்டுகள். அதுவரை தனித்தனி ஊர்களில் இருந்த காமராஜர் தெருக்களும் பாரதி நகர்களும் ஒரே மாநகராட்சிக்குள் வந்தன. முகவரியில் பழைய ஊர்ப் பெயரைப் போடாமல் எழுதுவது ஆபத்தானது. அறிவிப்புகளோ ‘வார்டு 43’ என்று எண்ணை மட்டும் சொல்லத் தொடங்கின. தன் புதிய வார்டு எண் தெரிந்தவர் அப்போது அபூர்வம். பழைய வார்டு, புதிய வார்டு, தெரு, மண்டல அலுவலகம் என்று நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையைத் தொடராக வெளியிட்டோம். அதற்கு மாநகராட்சி ஊழியர்களே பிரதி கேட்டு வந்தார்கள்.

அடுத்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார், அது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது மற்ற வார்டுகளின் கூட்டங்கள். கிராமசபைக்கு இருக்கும் பழக்கம் நகரத்தில் இல்லை. கூட்டம் எங்கே, எப்போது என்பது முந்தைய நாள்தான் பலருக்குத் தெரிய வந்தது. வேலைக்குப் போகும் பெண் விடுப்புக் கேட்க ஒரு வாரமாவது வேண்டாமா? கழிவுநீர்க் கால்வாய் பற்றி அங்கே பேசத் தகுதியுள்ளவர் தினமும் அதைத் தாண்டி நடக்கும் அவர்தான். பகுதி சபை அறிவிப்புகளை ஏழு நாள் முன்னதாகத் தாருங்கள் என்று வார்டு வார்டாக அலைந்து கேட்டேன். சில உறுப்பினர்கள் கொடுத்தார்கள். அந்த வார்டுகளில் கூட்டம் நிறைந்தது.

இப்போது என் இடத்தில் ஓர் இளம்பெண் இருக்கிறார். பத்திரிகை பெரும்பாலும் கைபேசியில்தான். வாட்ஸ்அப் குழுக்களில் ‘நாளை இலவச முகாம்’ என்று தேதியில்லாத செய்தி மாதக்கணக்கில் சுற்றி வருகிறது. யாரோ ஒருவர் அதை நம்பி வருகிறார், மூடிய கல்யாண மண்டபத்தின் வாசலில் நிற்கிறார். அந்தப் பெண் அப்படிப்பட்ட செய்திகளைப் பிடித்து, அமைப்பாளரை அழைத்து, ‘இது முடிந்துபோன முகாம்’ என்று முத்திரை போட்டு அதே குழுக்களுக்குத் திருப்பி அனுப்புகிறார். நான் செய்யாத இன்னொன்றையும் செய்கிறார். பெருங்களத்தூர்ப் பக்கம் கட்டட வேலையில் இருக்கும் வடமாநிலக் குடும்பங்களுக்கு எங்கள் தமிழ்ப் பக்கம் ஒருபோதும் போய்ச் சேரவில்லை. அந்தக் குழந்தைகளுக்குத்தான் தடுப்பூசி தேதி தவறிப்போகும். அவர் முகாம் விவரத்தை இந்தியிலும் ஒடியாவிலும் பேசிப் பதிவு செய்து தரச் சொல்லி, மேஸ்திரிகளின் கைபேசிக்கு அனுப்புகிறார். ஒடியா பேச ஒருவரை அவர் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தின் வாசலில் நின்று தேடிப் பிடித்தார். வங்காளம் பேச ஆள் வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.